அழாதவள்

என் மகள் போன வருடம் என் கைபேசியில் ஒலிநூல் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். ராத்திரியில் படிப்பதைக் குறைக்கச் சொல்லிக் கண் டாக்டர் எச்சரித்திருந்தார். "படிக்கத்தானேம்மா கூடாது, கேக்கலாமில்ல" என்றாள். அன்றிலிருந்து புத்தகம் என்பது எனக்கு வெங்காயம் உரிக்கும்போதும், துணி மடிக்கும்போதும், பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அங்கேயும், காதுக்குள் ஓடுகிற ஒரு குரலாகிவிட்டது.

அப்படிக் கேட்டதில் ஒன்று அமெரிக்க நீதிமன்றத் திகில் கதை. பெயர் சொல்லத் தேவையில்லை. அந்த வகையில் நூற்றுக்கணக்கில் வருகின்றன, இது அவற்றில் நன்றாகவே எழுதப்பட்ட ஒன்று. பதினோரு மணி நேரம் ஓடும். சின்ன ஊர், பெற்ற குழந்தையைக் கொன்றதாக ஒரு பெண் ஒன்பது வருடமாகச் சிறையில் இருக்கிறாள். இளம் பெண் வழக்கறிஞர் ஒருத்தி பழைய கோப்பைத் தூசி தட்டி எடுக்கிறாள். அவள் செய்தாளா, செய்யவில்லையா என்பதுதான் கதை. ஆறாவது மணி நேரத்தில் நான் முடிவு கட்டிவிட்டேன், இவள்தான் செய்திருக்கிறாள் என்று.

ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தேன்? சாட்சியத்தில் புதிதாக எதுவும் வரவில்லை. மருத்துவ அறிக்கை இரண்டு பக்கமும் இழுக்கிறது. கொஞ்சம் பின்னால் தள்ளித் திரும்பக் கேட்டேன். அப்போதுதான் பிடிபட்டது. கதையை வாசிக்கிறவர் ஓர் ஆண். வழக்கறிஞர் பேசும்போது குரலில் வெதுவெதுப்பு இருக்கிறது. சிறையில் இருப்பவள் பேசும்போது குரலைச் சப்பையாக்கிவிடுகிறார், ஏற்ற இறக்கமே கிடையாது. குழந்தையின் பெயரைச் சொல்லும்போதும் மளிகைச் சாமான் பெயரைச் சொல்வது போல. அச்சில் படித்திருந்தால் அங்கே "என்றாள்" என்ற ஒரு சொல்தான் இருந்திருக்கும். குரல் கொடுத்தவர் தன் பங்குக்கு ஒரு தீர்ப்பை அதற்குள் வைத்துவிட்டார், நானும் புளித்தண்ணீர்க் கையோடு அதில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இந்தத் தவற்றை நான் செய்வது இது முதல் தடவை இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கதையில்லாத ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும்.

கேத்லீன் ஃபோல்பிக், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்காரர். 1989-க்கும் 1999-க்கும் இடையில் அவருக்குப் பிறந்த நான்கு குழந்தைகளும் இறந்தன. கேலப் 19 நாள் குழந்தை. பேட்ரிக்குக்கு எட்டு மாதம், சாராவுக்குப் பத்து மாதம், லாராவுக்கு ஒன்றரை வயது கடந்திருந்தது. பேட்ரிக்குக்கு வலிப்பு இருந்தது, பார்வை போயிருந்தது. லாராவின் பிரேதப் பரிசோதனையில் இதயத் தசையில் அழற்சி இருந்தது தெரிந்தது. மூச்சை அடைத்துக் கொன்றதற்கான தடயம் எந்த உடலிலும் கிடைக்கவில்லை. ஆனால் கடைசிக் குழந்தை இறந்த பிறகு கணவர் கையில் ஒரு நாட்குறிப்பு சிக்கியது. படித்தார், போலீசில் கொடுத்தார். 2003-இல், மூன்று கொலைகளும் உள்நோக்கமில்லாத ஒரு கொலையும் செய்தவர் என்று கேத்லீனுக்கு 40 வருடத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு மேல்முறையீட்டில் அது 30 ஆனது.

அந்த நாட்குறிப்புகளில் என்ன இருந்தது? குழந்தை அழும்போது தனக்கு வரும் கோபத்தைப் பற்றி எழுதியிருந்தார். பொறுமை போய்விடுகிறது என்று எழுதியிருந்தார். முந்தைய குழந்தைகள் போனதற்குத் தான்தான் காரணமோ என்று தன்னையே குடைந்து எழுதியிருந்தார். ஒரு குழந்தை போனதில் ஏதோ ஒரு கை உதவியது என்கிற பொருள்படும் ஒரு வரியும் இருந்தது. கடவுளையோ, நமக்கு மேலே இருக்கும் ஏதோ ஒரு சக்தியையோ நினைத்து எழுதியது அது என்று பல வருடங்கள் கழித்து விளக்கினார். கேத்லீன் ஒன்றரை வயதுக் குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பா அம்மாவைக் குத்திக் கொன்றவர். தான் அந்த அப்பாவின் மகள்தான் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். அரசுத் தரப்புக்கு வேறென்ன வேண்டும்! அதை நேரடி ஒப்புதல் வாக்குமூலமாக வாசித்தார்கள். நான்கு பிள்ளைகளைப் புதைத்த ஒருத்தி தன்னைப் பற்றி எப்படி எழுதுவாள் என்று அறிந்த ஓர் உளவியலாளரை அழைத்து அந்தப் பக்கங்களைக் காட்ட 2003-இல் யாருக்கும் தோன்றவில்லை. இருபது வருடம் கழித்து, நீதிபதி தாமஸ் பாதர்ஸ்ட் நடத்திய விசாரணையில்தான் உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களும் அவற்றைப் படித்துச் சொன்னார்கள், இது துக்கத்தில் தன்னையே பழிசுமத்திக்கொள்ளும் ஒரு தாயின் எழுத்து என்று.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. நம் வட்டங்களில் எழுத்துப் பட்டறை நடத்தும்போதெல்லாம் பெண்களிடம் என்ன சொல்கிறோம்? எழுதுங்கள், வெட்கப்படாமல் எழுதுங்கள், தாய்மையைப் பற்றி ஊர் சொல்லாததை எழுதுங்கள் என்கிறோம். நானே சொல்லியிருக்கிறேன். என் மகளுக்கு நான்கு மாதம் இருக்கும்போது ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு அவளைத் தூளியில் கதறவிட்டுவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அந்தச் சத்தம் கேட்காமலிருக்கக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு வாளி நிரம்பி வழியும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை நான் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்து, அடுத்த வாரம் அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? நான் இன்று இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருப்பதற்குக் காரணம் என் நல்ல குணமோ நல்ல தாய்மையோ கிடையாது. பிள்ளை பிழைத்தாள், அவ்வளவுதான்.

கேத்லீனை வெளியே கொண்டுவந்தது மரபணு ஆராய்ச்சி. கரோலா வினுவேசா என்ற நோயெதிர்ப்பியல் அறிஞரும் அவரது குழுவினரும், கேத்லீனிடமும் இறந்த இரண்டு மகள்களிடமும் கால்மோடுலின் மரபணுவில் ஓர் அரிய மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இதயத் துடிப்பைத் திடீரென்று குலைத்து உயிரைப் பறிக்கக்கூடிய வகை மாற்றம் அது. அப்படியும் கதவு உடனே திறக்கவில்லை. 2019-இல் நடந்த முதல் மறுவிசாரணை, அவர் குற்றவாளிதான் என்று மறுபடி சொல்லிவிட்டது. 2021-இல் நோபல் பரிசு பெற்றவர்கள் உட்படத் தொண்ணூறு அறிவியலாளர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். 2023 ஜூன் 5-ஆம் தேதி பொதுமன்னிப்பு. அதே வருடம் டிசம்பரில் தண்டனைகள் ரத்து. நடுவில் இருபது வருடச் சிறை.

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞருக்கு நடந்ததும் இதன் இன்னொரு வடிவம். 1996-இலும் 1998-இலும் அவருடைய இரண்டு கைக்குழந்தைகள் இறந்தார்கள். வசதியான வீட்டில் ஒரு குழந்தை இப்படிக் காரணம் தெரியாமல் இறக்கும் வாய்ப்பு 8,543-இல் ஒன்று, எனவே இரண்டு குழந்தைகள் இறக்க 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று ஒரு குழந்தை மருத்துவப் பேராசிரியர் நீதிமன்றத்தில் சொன்னார். 8,543-ஐ அதே எண்ணால் பெருக்கினால் வருவது அது. பிளஸ் டூ கணக்குப் படித்த பிள்ளைக்கே தெரியும், இரண்டு நிகழ்வுகளுக்கும் தொடர்பே இல்லாவிட்டால்தான் அப்படிப் பெருக்கலாம். ஒரே தாய் வயிறு, ஒரே மரபணு, ஒரே வீடு. எப்படித் தொடர்பில்லாமல் போகும்? தவிர, அபூர்வமான மரணம் என்பதாலேயே அது கொலையாகிவிடாது. பெற்ற இரண்டு பிள்ளைகளையும் ஒரு தாய் கொல்வதும் அபூர்வம்தானே! அரச புள்ளியியல் கழகம் வெளிப்படையாகக் கண்டித்தது. 2003-இல் விடுதலையானார். நான்கு வருடம் கழித்து, 42 வயதில் இறந்துபோனார்.

திகில் கதையில் இப்படி ஒரு முடிவை யாரும் எழுத மாட்டார்கள். அந்த வகைக் கதைக்கு ஒரு கட்டாயம் உண்டு. சிறையில் இருப்பவள் குற்றமற்றவள் என்றால் உண்மையான கொலைகாரன் வேறு எங்கேயோ ஒளிந்திருக்க வேண்டும். மைத்துனன், பக்கத்து வீட்டுக்காரன், நீதிபதியின் மகன், யாரோ ஒருவன். கடைசி ஒரு மணி நேரம் அவனைப் பிடிப்பதற்காகத்தான். கேத்லீன் வழக்கிலும் சாலி வழக்கிலும் பிடிப்பதற்கு யாருமில்லை, ஏனென்றால் கொலையே நடக்கவில்லை. அமெரிக்காவில் தவறாகத் தண்டிக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டவர்களைத் தொகுத்துவரும் தேசியப் பதிவேட்டில், பெண்களின் வழக்குகளில் பாதிக்கும் மேல் இப்படிக் குற்றமே நிகழாதவைதான். ஆண்கள் பெரும்பாலும் வேறு யாரோ செய்த குற்றத்துக்காக உள்ளே போகிறார்கள். பெண்களோ நடக்காத ஒன்றுக்காகப் போகிறார்கள். வீட்டில் குழந்தை இறந்தால், நோயாளி இறந்தால், தீப்பிடித்தால், அருகில் இருந்தவள் அவள்தானே. பராமரிக்கிற வேலையை முழுக்க ஒருத்தி தலையில் கட்டிவிட்டு, பராமரிப்பு தோற்கும்போது அவளையே ஒரே சந்தேக நபராகவும் ஆக்குகிறோம்.

முகத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் லிண்டி சேம்பர்லைனிடம்தான் போக வேண்டும். 1980 ஆகஸ்ட் 17. உலுரு பாறையருகே கூடாரம் போட்டிருந்த குடும்பத்தின் ஒன்பது வாரக் குழந்தை அசாரியாவை டிங்கோ என்ற காட்டுநாய் தூக்கிப்போனது. தாய் பார்த்தார், கத்தினார். அந்த மண்ணின் அனங்கு மக்களில் தடம் பார்க்கத் தெரிந்தவர்கள் அன்றிரவே மணலில் டிங்கோவின் தடத்தைக் கண்டார்கள். முதல் மரண விசாரணையும் டிங்கோதான் என்றது. அது எடுபடவில்லை. காரணம், தொலைக்காட்சியில் லிண்டி அழவில்லை. டிங்கோ எப்படி உடையைக் கிழிக்காமல் இரையை எடுக்கும் என்று அமைதியாக விளக்கினார். நேர்த்தியாக உடுத்தினார். குழந்தைக்குக் கறுப்பு உடை தைத்திருந்தார். அவர் சேர்ந்திருந்த சிறிய கிறிஸ்தவ சபையைப் பற்றி வேறு வதந்திகள். குழந்தையின் பெயருக்கு வனாந்தரத்தில் பலி என்று பொருள் என்றுகூடப் பொய் பரப்பினார்கள். 1982-இல் ஆயுள் தண்டனை. அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. சிறைக்காவலில் பெற்ற பெண் குழந்தையை உடனே பிரித்தெடுத்தார்கள். உடந்தை என்று தீர்ப்பான கணவர் மைக்கேலுக்குப் பதினெட்டு மாதம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்டதால் அவர் சிறைக்கே போகவில்லை.

காரில் கிடைத்த "குழந்தையின் ரத்தம்" உண்மையில் சத்தத்தைக் குறைக்கத் தொழிற்சாலையில் அடித்த ஒரு பூச்சு என்று பின்னால் தெரியவந்தது. 1986-இல், பாறையிலிருந்து விழுந்து இறந்த ஒரு சுற்றுலாப் பயணியின் உடலைத் தேடப் போனவர்கள் கண்ணில் அசாரியாவின் சின்ன மேல்சட்டை பட்டது. குழந்தை அதைப் போட்டிருந்தது என்று லிண்டி முதல் நாளிலிருந்து சொல்லிவந்தார், பொய் என்று அரசுத் தரப்பு சொல்லிவந்தது. விடுவித்தார்கள். 1988-இல் தண்டனை ரத்தானது. டிங்கோதான் காரணம் என்று ஒரு மரண விசாரணை அதிகாரி எழுத்தில் தந்தது 2012-இல். முப்பத்திரண்டு வருடம். தடத்தை நேரில் பார்த்துச் சொன்ன அனங்கு மக்களின் சொல்லுக்கும், நேரில் பார்த்த தாயின் சொல்லுக்கும் இல்லாத எடை, அழாத முகத்துக்கு இருந்திருக்கிறது.

அவர் அழுதிருந்தால் தப்பியிருப்பாரா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மாட்டார் என்றே தோன்றுகிறது. அழுதால் நடிப்பு, அழாவிட்டால் கல்நெஞ்சம்.

நம் ஊர் இழவு வீட்டில் இதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். யார் நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்கள், யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பெண்கள் கணக்கெடுப்பார்கள். மாமியார் செத்ததற்கு மருமகள் எவ்வளவு அழுதாள் என்பது பதினாறாம் நாள்வரை பேசப்படும். ஆண்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். அவர்கள் அழவில்லை என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இப்போது நான் சொல்வதாக இருந்ததற்கு வருகிறேன்.

1998. கல்யாணமாகித் திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக எட்டு வீடு, பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. ஆறாம் நம்பரில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவள் கணவன் பனியன் கம்பெனியில் டெய்லர், சீசன் நேரத்தில் இரவு ஷிப்டும் போவான். அவளுக்கு ஐந்து மாத ஆண் குழந்தை. ஒரு நாள் காலையில் குழந்தை எழுந்திருக்கவில்லை. மாமியார் போட்ட சத்தத்தில் எட்டு வீடும் கூடிவிட்டது. அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஈரமில்லை. யாரோ போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். குழந்தையை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுத்துக் கட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் புதைத்தார்கள்.

நான் அப்போது மூன்று மாதம் உண்டாகியிருந்தேன். அவள் கண்ணில் படாதே, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று என் மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இருந்தாலும் தண்ணீர் விடுவது விடிகாலை நாலரைக்கு, எல்லாரும் குடத்தோடு வந்துதான் ஆக வேண்டும். குழந்தையைப் புதைத்த அடுத்த நாள் காலை அவளும் வந்தாள். குழாயடி குண்டு பல்பு வெளிச்சத்தில் பார்த்தேன். அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. பால். முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு, குடம் நிரம்புவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா, நீங்க முன்னால புடிச்சுக்கங்க" என்றாள் என்னிடம். நான் வயிற்றைச் சேலையால் மறைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ஏட்டையா ஒருவர் விசாரிக்க வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். குழந்தையை எப்படிப் பார்த்துக்குவா, அடிப்பாளா, சண்டை உண்டா? எனக்கு எதுவும் தெரியாது. நாங்கள் குடிவந்தே ஆறு மாதம்தான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "அவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலீங்க." ஏட்டையா நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அவர் எழுதியதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. முக்கியமான எதையோ கவனித்துச் சொல்லிவிட்டவள் மாதிரி.

பால் கசிந்ததைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து அல்ல. அது சொல்லக்கூடிய விஷயமாக எனக்குத் தோன்றவே இல்லை. கண்ணீர் சாட்சியம், பால் அசிங்கம். உடம்பு முழுக்க அழுதுகொண்டு என் முன்னால் ஒருத்தி நின்றதை இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு, அவள் அழவில்லை என்று அரசாங்கத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.

வழக்கு எதுவும் பதியவில்லை. ஆனால் தீர்ப்பு வழக்குக்காகக் காத்திருக்கவில்லை. பதினாறு முடிந்ததும் அவளுடைய அண்ணன் வந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். அந்தப் பையன் அடுத்த வருடமே வேறு கல்யாணம் செய்துகொண்டான். என் ஒரு வாக்கியத்தால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்லிக்கொண்டால் என்னை நானே பெரிதாக்கிக்கொள்வதாகும். எட்டு வீட்டிலும் அதே வாக்கியம்தான் சொல்லப்பட்டிருக்கும். அது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "நிரூபிக்கப்படும்வரை குற்றமற்றவர்னு எல்லாருமே எல்லார்கிட்டயும் நடந்துக்கணும்னா, ஒரு பொண்ணு வந்து, இவர் என்கிட்ட இப்படி நடந்துகிட்டார்னு சொல்றப்போ நாங்க என்ன செய்யறது மேடம்? ஆதாரம் கொண்டா, அப்புறம் நம்பறேன்னு சொல்லணுமா? பெண்களை நம்புங்கன்னு நீங்கதானே சொல்றீங்க?" நியாயமான கேள்வி. அன்றைக்கு ஏதோ சமாளித்தேன். பிறகு யோசித்தது இது.

மாணவி சொல்கிற இடத்தில் ஒருத்தி வாய் திறந்து பேசுகிறாள். தனக்கு நடந்ததைத் தன் பெயரில், தன் பொறுப்பில் சொல்கிறாள். அவளைக் குறுக்கே கேள்வி கேட்கலாம், அவள் சொன்னதைச் சரிபார்க்கலாம். அதை நம்பித் துணைக்கு நிற்பது ஒரு விஷயம். லைன் வீட்டில் நடந்தது வேறு. அங்கே அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. அவள் முகத்தை நாங்கள் பேசவைத்தோம். வினோதம் என்னவென்றால், புகார் கொடுக்க வரும் பெண்ணை நம்பாமல் அனுப்புகிறவர்களும் இதே முகவாசிப்பைத்தான் செய்கிறார்கள். மதுரா வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களை விடுவித்தது. காவல் நிலையத்துக்குள் ஓர் ஆதிவாசிச் சிறுமி கத்தவில்லை, உடம்பில் காயமில்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானது. நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்து, 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பிறகும் 2021-இல் கோவா அமர்வு நீதிமன்றம் ஒரு வழக்கில், புகார் சொன்ன பெண் அதற்குப் பிந்தைய புகைப்படங்களில் சிரித்தபடி இயல்பாக இருக்கிறாள் என்று தீர்ப்பில் எழுதியது. பாதிக்கப்பட்டவள் இப்படித்தான் இருப்பாள், பிள்ளையைப் பறிகொடுத்தவள் இப்படித்தான் இருப்பாள் என்று ஒரே அச்சில் வார்த்த இரண்டு பொம்மைகள். அதில் பொருந்தாதவள் ஒரு நாள் பொய்க்காரி, இன்னொரு நாள் கொலைகாரி.

இதனால் அந்த மாணவியின் கேள்வி முழுக்கத் தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. பேசுகிறவள் தவறாகச் சொல்லும் வழக்குகளும் உண்டு, அப்போது சிறைக்குப் போகிறவனுக்கும் ஒரு தாய் இருப்பாள்.

இன்னொரு உறுத்தலும் இருக்கிறது. தவறான தீர்ப்புக் கதைகளை இவ்வளவு ஆசையாகக் கேட்கிறோமே, அதில் செத்தவளுக்கு இடமிருக்கிறதா? 2014-இல் வந்த 'சீரியல்' என்ற ஒலித்தொடரை உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் கேட்டார்கள். 1999-இல் பால்டிமோரில் ஹே மின் லீ என்ற பதினெட்டு வயதுப் பெண் கொல்லப்பட்டதும், அதற்காக அவளுடைய முன்னாள் காதலன் அத்னான் சையத் தண்டிக்கப்பட்டதும் சரிதானா என்பதும்தான் விஷயம். 2022-இல் தண்டனை ரத்தாகி அவர் வெளியே வந்தார், அடுத்த வருடம் அந்த ரத்து ரத்தானது. 2025-இல் தண்டனைக் காலத்தைக் குறைத்து விடுவித்துவிட்டார்கள், குற்றவாளி என்ற தீர்ப்பு மட்டும் நிற்கிறது. ஹே மின் லீயின் தம்பி நீதிமன்றத்தில் சொன்னதன் சாரம், உங்களுக்கு இது ஒலித்தொடர், எனக்கு இது முடியாத வாழ்க்கை என்பது. நானும் அந்தத் தொடரை முழுக்கக் கேட்டவள். சையதின் சிரிப்புச் சத்தம் காதில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் குரல் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. சையத் செய்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எந்தப் பக்கமும் சாயாமல் தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை இந்த வயதில்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். தெரியாது என்பது ஏட்டையாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய ஒற்றைச் சொல்.

திகில் கதையை நான் முடிக்கவில்லை. செயலியைத் திறந்தால் இன்னும் 52 நிமிடம் பாக்கி என்று காட்டுகிறது. மகள் போன வாரம் ஊரிலிருந்து வந்தபோது, "யார்மா கொன்னது?" என்று கேட்டாள். கேட்கவில்லை என்றேன். ஏன் என்று விடாமல் துளைத்தாள். பூண்டு உரித்துக்கொண்டே லைன் வீட்டுக் கதையை அவளிடம் முதல் தடவையாகச் சொன்னேன், அவள் என் வயிற்றில் இருந்ததையும் சேர்த்து. ரொம்ப நேரம் பேசாமலிருந்தாள். பிறகு கேட்டாள்: "அவங்க பேர் என்னம்மா?"

யோசித்தேன். ஏட்டையாவுக்கு முன்னால் நான் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேசியிருப்பேன். குழந்தையின் பெயர்கூட நினைவிருக்கிறது. அவள் பெயர் வரவில்லை. ஆறாம் நம்பர் வீட்டுப் பொண்ணு என்றுதான் வருகிறது.